நேரடி நன்மை

எல்லாரிடமும் முதலில் கேட்பது:
உடம்பில் இரும்பு ஏதும் இருக்கோ?
வேறு ஊர்களில் யோசிக்காமல் தலையாட்டுவார்களாக்கும்.
இங்கே விரலால் தடவிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.
மடுத்தீன், வயது எழுபத்தொன்று, குருநகர்:
"இடுப்பிலை ஒண்டு கிடந்தது, பிள்ளை.
எடுத்தாச்சு எண்டுதான் சொன்னவை."
சொன்னதை நம்பாமல் எக்ஸ்ரே எடுத்தோம்.
இல்லை.
எலும்பில் அது இருந்த பள்ளம் மட்டும்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி:
இந்த ஆய்வினால் தங்களுக்கு
நேரடி நன்மை கிடைக்காமல் போகலாம்.
"அப்ப ஆருக்கு?"
டொக்டர் விளக்கத் தொடங்க முன்னமே
கையெழுத்துப் போட்டுவிட்டார்,
போன மாதம் தேத்தண்ணிக் கோப்பையைத்
தவறவிட்ட அதே வலது கையால்.

அன்றைக்கு இடது கண்ணில்
பாய் இறக்கின மாதிரி ஒரு இருட்டு.
பத்து நிமிஷம்.
மனைவியின் பெயர் வாயில் வராமல்
"இஞ்சை, இஞ்சை" என்று கூப்பிட்டிருக்கிறார்.
"நாப்பத்தாறு வருஷமா அப்பிடித்தானே கூப்பிடுறார்,
வருத்தமெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"
வெளி வாங்கிலிருந்து பிலோமினா.

இடது கழுத்துக் குழாய்
பத்தில் எட்டுப் பங்கு அடைத்திருக்கிறது.
அது ஏற்கெனவே எழுதி வந்த விஷயம்.
எங்களுக்குத் தெரியவேண்டியது
அதற்கு மேலே என்ன நடக்கிறது என்பது.

ஊசி இல்லை, மருந்து இல்லை.
கழுத்தைக் கடக்கும் இரத்தத்துக்குக்
காந்தத்தால் ஒரு குறி வைக்கிறோம்.
காத்திருக்கிறோம், இரண்டு செக்கன் கூட இல்லை.
பிறகு மூளைக்குள் தேடுகிறோம்,
குறி வைத்ததில் எவ்வளவு வந்து சேர்ந்ததென்று.
வலப்பக்கம் வந்து, பரவி, முடிந்துவிட்டது.
இடப்பக்கத்துக்குரியது
இன்னும் வழியில்,
குழாய்களுக்குள் வெள்ளை நூலாக நிற்கிறது.

"மூச்சைப் பிடியுங்கோ."
மைக்கில் என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்கும்.
மூச்சு நின்றால் நல்ல குழாய்கள் விரியும்,
இரத்தம் கூடும். அதைத்தான் அளக்கிறோம்.
இருபதில் "விடுங்கோ" என்றேன்.
விடவில்லை.
முப்பது. முப்பத்தைந்து.
வயிற்றுப் பட்டியின் கோடு திரையில் நேராகக் கிடந்தது.
நான் கதிரையை விட்டு எழும்பின பிறகுதான்
அது அசைந்தது.
கேட்டால், "மிசின் சத்தத்திலை உங்கடை கதை விளங்கேல்லை.
அட்டை பிடிக்கிற காலத்திலை
இது அரைவாசி மூச்சு."

முறைப்படி அந்தச் சுற்றைக் கழிக்கவேண்டும்.
கழித்தேன். பார்த்துவிட்டுத்தான் கழித்தேன்.
வலது மூளை சிவந்து பொங்க
இடது, இருந்ததையும் விட மங்கியது.
பக்கத்து வளவில் மோட்டர் போட்டால்
எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டுமே, அப்படி.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து
படத்தைக் காட்டச் சொன்னார்.
காட்டக்கூடாது. காட்டினேன்.
திரையில் இடமும் வலமும் மாறித்தான் விழும்,
அதையும் சொல்லிக் காட்டினேன்.
பின்பக்கமாகச் சுற்றி இடப்பக்கத்துக்கு
மெல்லிய கோடுகள் சில, பிந்திப் பிந்தி.
அவை இருப்பதால்தான் மனிசன் நடந்து வந்திருக்கிறார்.
விரலை அதன்மேல் வைத்தார். கண்ணாடியில் ரேகை.

"ஆனையிறவு பூட்டிக் கிடக்கேக்கை
கிளாலியிலை படகு ஓடினனான்.
சனம், சைக்கிள், மண்ணெண்ணெய், எல்லாம்.
இரவிலை, லைற் இல்லாமல்.
லைற்றைக் கண்டால் அடிப்பான்.
ஆர் வந்தது ஆர் வரேல்லையெண்டு
விடிஞ்சால்தான் தெரியும்.
நீங்கள் என்னடாவெண்டால், பிள்ளை,
என்ரை இரத்தத்துக்கு லைற் கட்டி விடுறியள்."

படிவத்தில் இதற்குப் பெட்டி இல்லை.
குறிப்புகள் என்ற இடத்தில் எழுதினேன்:
இலக்கம் 27. மூச்சு 41 செக்கன்.
இரண்டாம் சுற்று திரும்ப எடுக்கவும்.

வெளியே பிலோமினா எழும்பி
செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.
"இஞ்சை," என்றார்.
அவள் நின்றாள்,
மிச்சமும் வருமோ என்று பார்த்துக்கொண்டு.